ஒரே ஒரு சந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நுண்ணினப் பொருளியலைப் படிப்பது

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவரின் கேள்வி இது: வகுப்பில் ஆசிரியர் சொல்லும்போது எல்லாம் விளங்குகிறது, பாடநூலையும் இரண்டு முறை படித்தாயிற்று, ஆனால் தேர்வில் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டுவிட்டால் கை ஓடுவதில்லை, கணிதத்திலும் அவ்வளவு பழக்கமில்லை, தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்கள்தான் இருக்கின்றன, நுண்ணினப் பொருளியலை எப்படிப் படிப்பது? நான் பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு இப்பாடத்தைக் கற்பித்து வருகிறேன். ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி இதே மூன்று பகுதிகளோடு என்னிடம் வருவதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, நுகர்வோர் நடத்தை, உற்பத்தி, செலவு, நிறைவுப் போட்டி, முற்றுரிமை என்று பத்துப் பன்னிரண்டு இயல்கள் தனித்தனியாகத் தெரியும். மாணவர்கள் அவற்றைத் தனித்தனியாகவே படிக்கிறார்கள். ஒவ்வோர் இயலுக்கும் ஒரு வரைபடம், ஒரு வரையறை, நான்கு அனுமானங்கள் என்று மனத்தில் அடுக்கி வைக்கிறார்கள். உண்மையில் இந்தப் பாடத்தில் இரண்டே கேள்விகள்தான் உள்ளன. ஒரு வரம்புக்குள் நின்று தேர்வு செய்பவருக்கு, இன்னும் ஓர் அலகைச் சேர்த்துக்கொண்டால் கிடைப்பது எவ்வளவு, கைவிட்டுப் போவது எவ்வளவு என்பது முதல் கேள்வி. இப்படித் தத்தம் கணக்கில் தேர்வு செய்யும் பலருடைய முடிவுகள் எந்த விலையில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் என்பது இரண்டாவது. நுகர்வோர் இயலும் நிறுவன இயலும் முதல் கேள்வியை வெவ்வேறு ஆட்களிடம் கேட்கின்றன; சந்தை பற்றிய இயல்கள் இரண்டாவது கேள்வியை வெவ்வேறு சூழ்நிலைகளில் கேட்கின்றன. இந்த ஒற்றுமையை வாயால் சொன்னால் மாணவர்கள் தலையசைக்கிறார்கள், ஆனால் கையில் அது வருவதில்லை. அதற்கு நான் கண்ட ஒரே வழி, எண்களோடு கூடிய ஒரே ஒரு சந்தையை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொண்டு, பாடம் முடியும்வரை அதையே விடாமல் வைத்திருப்பதாகும்.

நான் பயன்படுத்தும் சந்தை இது. ஏதோ ஒரு பொருள். அதன் தேவை அளவு = 120 − 2 × விலை. அளிப்பு அளவு = 4 × விலை. இரண்டையும் சமப்படுத்தினால் விலை 20, அளவு 80. இதைத் தாளில் வரையுங்கள். வரைந்தவுடனேயே ஒரு தடுமாற்றம் வரும்: கணித வகுப்பில் காரணமாக அமைவதைக் கிடை அச்சிலும் விளைவைச் செங்குத்து அச்சிலும் குறிக்கப் பழகியிருப்பீர்கள், இங்கோ விலை செங்குத்து அச்சில் நிற்கிறது. இது உங்கள் தவறன்று. 1838இல் தேவைக் கோட்டை வரைந்த பிரெஞ்சு அறிஞர் கூர்னோ விலையைக் கிடை அச்சில்தான் வைத்தார். 1890இல் வெளிவந்த ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷலின் நூல் அதைச் செங்குத்து அச்சுக்கு மாற்றி நிலைநாட்டியது, அந்த வழக்கமே இன்றுவரை தொடர்கிறது. ஆகவே சமன்பாட்டில் 2 என்று தெரியும் எண் வரைபடத்தில் ½ என்ற சாய்வாக மாறிவிடும். இந்த ஒரு புள்ளியை முதல் நாளே தெளிவுபடுத்திக்கொள்ளாத மாணவர், கடைசி இயல்வரை காரணம் தெரியாமலேயே தவறு செய்துகொண்டிருப்பார்.

இப்போது இந்தச் சந்தையில் விற்பவர்மீது அலகுக்கு 6 என்று வரி விதிக்கப்படுகிறது என்று கொள்வோம். என்ன நடக்கும் என்று கேட்டால், தேர்வுத் தாள்களில் நான் அடிக்கடி காணும் விடை ஒன்று உண்டு: “வரி விதித்தால் விலை ஏறும், விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும், ஆகவே விலை பழைய நிலைக்கே திரும்பும்.” ஒவ்வொரு வாக்கியமும் பாடநூலில் உள்ளதைப் போலவே இருக்கிறது, ஆனால் முடிவு முற்றிலும் பிழை. பிழை எங்கே நுழைந்தது? இரண்டாவது வாக்கியத்தில் ‘தேவை குறையும்’ என்பது, அதே கோட்டின்மீது ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு நகர்வதைக் குறிக்கிறது. மூன்றாவது வாக்கியத்தில் ‘தேவை குறைந்தால்’ என்பது கோடே இடப்பக்கம் இடம்பெயர்வதைக் குறிக்கிறது. இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தியதால் வாதம் வட்டமாகச் சுற்றி வந்துவிட்டது. முதலாவதைத் ‘தேவை அளவு குறைகிறது’ என்றும் இரண்டாவதைத் ‘தேவை குறைகிறது’ என்றும் பிரித்து எழுதுங்கள். விலை மாறுவதால் அளவு மாறும். விலையைத் தவிர்த்த வேறொன்று மாறினால்தான் கோடு நகரும். இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் மாணவருக்குச் சந்தைச் சமநிலை இயலில் அஞ்ச வேண்டியது அதிகமில்லை.

கணக்கைச் செய்து பார்த்தால் விடை தானாகவே வந்து நிற்கும். விற்பவர் கையில் மிஞ்சுவது விலையில் 6 குறைவு என்பதால், அளிப்பு அளவு = 4 × (விலை − 6) ஆகிறது. தேவையோடு சமப்படுத்தினால் வாங்குபவர் தரும் விலை 24, விற்பவர் பெறும் விலை 18, விற்கும் அளவு 72. வரி 6தான், ஆனால் விலை 6 ஏறவில்லை. 4 மட்டுமே ஏறியது. மீதி 2 விற்பவரின் கையிலிருந்து போயிற்று. இப்போது அதே வரியை வாங்குபவர்மீது விதித்து மீண்டும் கணக்கிடுங்கள். இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும், நான் செய்து காட்டினால் பயனில்லை. அதே 24, அதே 18, அதே 72 வருவதைக் காண்பீர்கள். வரியை யார் கட்ட வேண்டும் என்று எழுதிய சட்டமன்று, விலை மாற்றத்துக்கு யார் குறைவாக வளைந்துகொடுக்கிறார்கள் என்பதே சுமையைப் பிரிக்கிறது என்பதை உங்கள் கையே கண்டுபிடித்த பிறகு, அது மறக்காது.

அங்கேயே நிறுத்தாமல் பரப்பளவுகளையும் கணக்கிடுங்கள். வரிக்கு முன்னர் நுகர்வோர் உபரி, அதாவது வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் தந்ததற்கும் உள்ள வேறுபாடு, விலை 60இல் தொடங்கி 20வரை இறங்கும் முக்கோணம்: ½ × 40 × 80 = 1600. வரிக்குப் பின்னர் ½ × 36 × 72 = 1296. இழப்பு 304. உற்பத்தியாளர் உபரி (விற்பவர்கள் பெற்றதற்கும் ஏற்கத் தயாராக இருந்த குறைந்தபட்சத்துக்கும் உள்ள வேறுபாடு) 800இலிருந்து 648ஆகக் குறைகிறது, இழப்பு 152. இரண்டும் சேர்ந்து 456. அரசுக்குக் கிடைத்ததோ 6 × 72 = 432. மீதி 24 எங்கே போயிற்று? யாரிடமும் போகவில்லை. நடக்காமல் போன 8 அலகுக் கொடுக்கல் வாங்கலில் இருதரப்புக்கும் கிடைத்திருக்க வேண்டிய நன்மை அது. இந்த 24ஐ ஒரு முறை கையால் கணக்கிட்டு எடுத்தவர், ‘யாருக்கும் சேராத இழப்பு’ என்ற கருத்தை வரையறையாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

நெகிழ்ச்சியும், அதாவது விலை ஒரு விழுக்காடு மாறினால் அளவு எத்தனை விழுக்காடு மாறும் என்பதும், இதே கோட்டில்தான் இருக்கிறது. விலை 20 எனும்போது தேவை நெகிழ்ச்சி 2 × 20 ÷ 80, அதாவது 0.5 (தேவையில் அது குறை எண்ணாக வரும், வழக்கப்படி குறியை விட்டுவிடுகிறேன்). விலை 30இல் அளவு 60, நெகிழ்ச்சி 1. விலை 40இல் அளவு 40, நெகிழ்ச்சி 2. கோடு ஒன்றே, சாய்வு ஒன்றே, ஆனால் நெகிழ்ச்சி புள்ளிக்குப் புள்ளி வேறு. சாய்வும் நெகிழ்ச்சியும் ஒன்றே என்று எண்ணுவது இப்பாடத்தின் மிகப் பரவலான பிழைகளுள் ஒன்று. மூன்று புள்ளிகளில் எண்ணைப் போட்டுப் பார்ப்பதைவிட அதற்குச் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை. கூடவே மொத்த வருவாயையும் எழுதிக்கொள்ளுங்கள்: 1600, 1800, 1600. நெகிழ்ச்சி 1 ஆகும் இடத்தில் வருவாய் உச்சியைத் தொடுகிறது. அளிப்பின் நெகிழ்ச்சி விலை 20இல் 4 × 20 ÷ 80 = 1. வரிச் சுமை வாங்குபவருக்கு மூன்றில் இரண்டு பங்கும் விற்பவருக்கு மூன்றில் ஒரு பங்குமாகப் பிரிந்ததற்கு, 1க்கும் 0.5க்கும் உள்ள இந்த விகிதமே காரணம். முந்தைய இயலில் நின்றிருந்த 4உம் 2உம் இங்கே மீண்டும் வந்து சேர்வதைக் காணும்போது மாணவர்களின் முகத்தில் தோன்றும் மாற்றத்துக்காகவே இந்தப் பாடத்தை நான் விரும்பி நடத்துகிறேன்.

தமிழில் படிப்பவர்களுக்கும் ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழில் சிந்திப்பவர்களுக்கும் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நம் கலைச்சொற்கள் அன்றாடச் சொற்களாகவும் இருப்பதால், அன்றாடப் பொருள் உள்ளே புகுந்து குழப்புகிறது. ‘தேவை’ என்றால் பேச்சு வழக்கில் இன்றியமையாதது என்று பொருள். பொருளியலில் அது ஒரு விலையில் வாங்க விருப்பமும் பண வலிமையும் சேர்ந்திருப்பதைக் குறிக்கிறது. மருந்தின்றி உயிருக்குப் போராடுபவரிடம் பணம் இல்லையென்றால் சந்தையில் அவருடைய தேவை சுழியம். இது மனத்தை உறுத்தும் செய்திதான், உறுத்தவும் வேண்டும். சந்தை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பது அங்கேதான் விளங்குகிறது. சில தமிழ்ப் பாடநூல்கள் இதையே ‘கேள்வி’ என்றும் அளிப்பை ‘நிரம்பல்’ என்றும் வழங்குகின்றன. எந்த நூலைப் படித்தாலும் ஒரே சொல் தொகுதியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பயன்பாடு’ என்பது உபயோகிப்பதையன்று, கிடைக்கும் மனநிறைவைக் குறிக்கிறது.

‘இறுதிநிலை’ என்ற சொல்லில்தான் பெரிய இடர்ப்பாடு. முடிந்துபோன கடைசி நிலை என்ற எண்ணத்தை அது எழுப்புகிறது. உண்மையில் அதன் பொருள் ‘இன்னும் ஒன்று சேர்த்தால்’ என்பதே. இந்தக் கருத்து ஒன்றை எடுத்துவிட்டால் பாடத்தில் எதுவும் மிஞ்சாது. உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும் அலங்காரத்துக்கான வைரம் விலை மிக்கதாகவும் இருப்பதேன் என்ற புதிரை ஆடம் ஸ்மித் 1776இல் எழுதி வைத்தார். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின்னர் பொருளியலாளர்களான ஜெவன்ஸும் மெங்கரும் 1871இலும், வால்ராஸ் 1874இலும், ஒருவரையொருவர் சாராமல் வெளியிட்ட நூல்களில் விடை தெளிவாயிற்று: விலையைத் தீர்மானிப்பது மொத்தத் தண்ணீரின் மதிப்பன்று, இன்னும் ஒரு குவளை சேர்வதால் கூடும் மதிப்பு. பெரிய அறிஞர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்த கருத்து உங்களுக்கு இரண்டு வகுப்புகளில் பிடிபடவில்லையென்றால் மனம் தளர வேண்டியதில்லை.

‘செலவு’ அடுத்தது. கையிலிருந்து போன பணம் மட்டுமே செலவு என்று நினைக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் உள்ளது. வாய்ப்புச் செலவு என்பதோ, ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் நிகர மதிப்பு. இது எளிதென்று எண்ணிக் கடந்துபோக வேண்டாம். 2005இல் பால் ஃபெராரோவும் லாரா டெய்லரும் பொருளியலாளர்கள் கூடிய மாநாடு ஒன்றில் ஏறத்தாழ 200 பேரிடம் ஒரு வினாவைத் தந்தார்கள். உங்களுக்கு ஓர் இசைநிகழ்ச்சிக்கு இலவச நுழைவுச்சீட்டு கிடைத்திருக்கிறது. அதை விற்க முடியாது. அதே இரவில் நடக்கும் இன்னொரு நிகழ்ச்சிதான் உங்களுக்கு அடுத்த சிறந்த வாய்ப்பு. அதன் சீட்டு 40 டாலர், அதைப் பார்க்க நீங்கள் 50 டாலர்வரை தரத் தயார். முதல் நிகழ்ச்சிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு 0, 10, 40, 50 ஆகியவற்றுள் எது? விடை 10: ஐம்பது மதிப்புள்ளதை நாற்பதுக்கு வாங்கியிருந்தால் மிஞ்சியிருக்கும் நன்மையைத்தான் கைவிடுகிறீர்கள். சரியாக விடையளித்தவர்கள் சுமார் 22 விழுக்காட்டினரே. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே 25 விழுக்காடு வந்திருக்கும். அந்த வினாவின் சொல்லமைப்பைப் பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன என்பது உண்மையே, ஆனாலும் படிப்பினை மாறவில்லை. இந்தக் கருத்தை எண்ணோடு நான்கைந்து முறை பயிலாமல் விட்டால் அது கையில் நிற்காது. நிறைவுப் போட்டியில், அதாவது யாரும் தனியாக விலையை மாற்ற முடியாத அளவுக்கு விற்பவர் பலர் உள்ள சந்தையில், நீண்ட காலத்தில் லாபம் சுழியம் என்றால் நிறுவனங்கள் ஏன் தொழிலை விடவில்லை என்று மாணவர்கள் கேட்பதும் இதனால்தான். உரிமையாளரின் உழைப்பும் முதலும் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடியது ஏற்கெனவே செலவுக்குள் சேர்ந்துவிட்டது. அவர் இயல்பு லாபத்தைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

செலவு வளைகோடுகளுக்கு வருகிறேன். இறுதிநிலைச் செலவுக் கோடு சராசரிச் செலவுக் கோட்டை ஏன் அதன் மிகத் தாழ்ந்த புள்ளியில் வெட்டுகிறது என்பதை மதிப்பெண்ணில் பாருங்கள். ஐந்து தேர்வுகளில் சராசரி 60; ஆறாவதில் 72 எடுத்தால் சராசரி 62. ஏழாவதில் 65தான் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த மதிப்பெண் முந்தையதைவிடக் குறைந்துவிட்டது, ஆனாலும் அது 62ஐவிட அதிகம் என்பதால் சராசரி இன்னும் ஏறுகிறது. புதியது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியமன்று, சராசரிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே முக்கியம். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். குறுங்காலச் சராசரிக் கோடுகளையும் நீண்டகாலச் சராசரிக் கோட்டையும் பொருத்தும் படத்தில் உங்களுக்குக் குழப்பம் வந்தால், பொருளியலாளர் ஜேக்கப் வைனரை நினைத்துக்கொள்ளுங்கள். 1931இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரைக்காக, நீண்டகாலக் கோடு எல்லாக் குறுங்காலக் கோடுகளின் தாழ்ந்த புள்ளிகள் வழியாகவும் செல்ல வேண்டும், அதே நேரத்தில் எந்தக் கோட்டுக்கும் மேலே போகக் கூடாது என்று படம் வரைந்து தந்த வாங் என்ற கணிதவியலாளரிடம் அவர் கேட்டார். அது இயலாது என்று வாங் சொன்னார். வைனர் அப்போது ஏற்கவில்லை, பின்னாளில் தம் பிழையை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். நீண்டகாலக் கோடு இறங்கும் பகுதியில் குறுங்காலக் கோடுகளை அவற்றின் தாழ்ந்த புள்ளிக்கு இடப்பக்கத்தில்தான் தொடும். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். பென்சிலை எடுத்து வாங் செய்ததைப் போல வரைந்து பார்த்து, வேறு வழியில்லை என்று நீங்களே காணுங்கள்.

நுகர்வோர் இயலில் சமநோக்கு வளைகோடுகளை, அதாவது ஒரே அளவு மனநிறைவைத் தரும் பொருள் தொகுப்புகளை இணைக்கும் கோடுகளை, வரையப் பெரும்பாலோருக்கு வந்துவிடும். இடறுவது, விலை மாற்றத்தின் விளைவைப் பதிலீட்டு விளைவாகவும் (மலிவானதை நோக்கி மாறுவது) வருமான விளைவாகவும் (வாங்கும் வலிமை மாறுவதால் வருவது) பிரிக்கும்போதுதான். புதிய விலை விகிதத்துக்கு இணையாக, பழைய சமநோக்கு வளைகோட்டைத் தொடும் கற்பனைக் கோட்டை முதலில் வரையுங்கள்; மற்றவை தாமாக இடம் பிடிக்கும்.

முற்றுரிமைக்கு நம் சந்தையையே மீண்டும் எடுப்போம். தேவை அதேதான், அளிப்புக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, ஓர் அலகு உற்பத்தி செய்ய எப்போதும் 20 செலவாகிறது என்று கொள்வோம். நிறைவுப் போட்டியாயின் விலை 20, அளவு 80. ஒரே ஒரு விற்பனையாளர் இருந்தால்? அவர் 38 அலகுகளை 41க்கு விற்றால் வருவாய் 1558. 40 அலகுகளை 40க்கு விற்றால் 1600. கூடுதல் 42, அலகுக்கு 21, செலவு 20தான், ஆகவே விற்பார். இன்னும் இரண்டைச் சேர்த்து 42ஐ விற்க விலையை 39ஆக இறக்க வேண்டும். வருவாய் 1638, கூடுதல் 38, அலகுக்கு 19. செலவோ 20. ஆகவே 40இலேயே நிற்பார். கடைசி இரண்டு அலகுகளை 39 வீதம் விற்று 78 பெற்றவருக்கு ஏன் 38 மட்டுமே மிஞ்சியது? ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த 40 அலகுகளிலும் தலைக்கு 1 வீதம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இறுதிநிலை வருவாய் விலையைவிடத் தாழ்ந்திருப்பதற்கு இது ஒன்றே காரணம். இதைச் சொற்களில் எழுதத் தெரிந்தவருக்குச் சூத்திரம் ஒரு சுருக்கெழுத்து மட்டுமே. விலை 40இல் நெகிழ்ச்சி 2 என்று முன்பே கண்டோம். விலையில் செலவைக் கழித்து விலையால் வகுத்தால் 20 ÷ 40, அதாவது ½, நெகிழ்ச்சியின் தலைகீழ். 1934இல் பொருளியலாளர் லெர்னர் முற்றுரிமை வலிமைக்குத் தந்த அளவுகோல் இதுதான்.

இரண்டு விற்பனையாளர்கள் இருந்து, மற்றவர் தம் அளவை மாற்றமாட்டார் என்று ஒவ்வொருவரும் எண்ணிச் செயல்பட்டால், மொத்த அளவு ஏறத்தாழ 53 ஆகும். அதாவது 80இல் மூன்றில் இரண்டு பங்கு. ஒருவர் என்றால் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவர் என்றால் நான்கில் மூன்று. விற்பவர் எண்ணிக்கை கூடக்கூட அளவு நிறைவுப் போட்டியை நோக்கி நகர்கிறது. கூர்னோ 1838இலேயே காட்டியது இது. முற்றுரிமையும் நிறைவுப் போட்டியும் இரண்டு தனி உலகங்களல்ல, ஒரே பாதையின் இரு முனைகள் என்பது இந்தப் பின்னங்களின் வரிசையில் கண்முன் தெரிகிறது. விளையாட்டுக் கோட்பாடு உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் இங்கிருந்தே தொடங்குங்கள்.

கணிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுவரை நாம் செய்தவற்றில் வந்தவை நேர்கோட்டுச் சமன்பாடு, அதைத் திருப்பி எழுதுதல், இரண்டு சமன்பாடுகளைச் சமப்படுத்தித் தீர்த்தல், முக்கோணத்தின் பரப்பு, விழுக்காடு, விகிதம் ஆகியவையே. அறிமுக நிலைப் பாடத்தின் பெரும்பகுதிக்கு இவை போதும். நுண்கணிதம் கேட்கும் துறையாயின், ஒரு பல்லுறுப்புக் கோவையை வகையிடவும், அதைச் சுழியத்துக்குச் சமப்படுத்தி உச்சியைக் காணவும் தெரிந்தால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கலாம். மொத்தத்திலிருந்து இறுதிநிலைக்குப் போகும் வழியே வகையிடல் என்பதை மேலே உள்ள 21, 19 ஆகிய எண்களோடு சேர்த்துப் பார்த்தால் அது அந்நியமாகத் தோன்றாது. கணிதம் வராது என்று சொல்லும் மாணவர்களில் பலருக்கு உண்மையில் வராதது கணிதமன்று. எண் எதைக் குறிக்கிறது என்று எழுதாமல் எண்ணை மட்டும் நகர்த்துகிறார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பெயரை எழுதுங்கள்: விலை, அலகு, வருவாய். இந்தப் பழக்கம் ஒன்றே பல மதிப்பெண்களைக் காக்கும்.

மனிதர்கள் இப்படியெல்லாம் கணக்குப் போட்டு வாழ்வதில்லையே என்ற ஐயம் படிக்கும்போது எழும், எழுவது நல்லது. ஆனால் அந்த ஐயத்தைப் படிக்காமல் இருப்பதற்கான காரணமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம். சந்தைச் சமநிலை வெறும் படம்தானா என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின், மாணவர்களையே வாங்குபவர்களாகவும் விற்பவர்களாகவும் ஆக்கி நடத்திய சோதனையை 1948இல் வெளியிட்டார். விலைகள் சமநிலையில் வந்து நிற்கவில்லை. அத்தகைய வகுப்பில் மாணவராகக் கலந்துகொண்ட வெர்னன் ஸ்மித், விலை கேட்பும் ஏலக் கூவலும் எல்லோர் காதிலும் விழும்படி விதியை மாற்றி, அதே வணிகத்தைச் சுற்றுச் சுற்றாகத் திரும்ப நடத்தி, 1962இல் முடிவை வெளியிட்டார். விலைகள் வியக்கும் வேகத்தில் சமநிலைக்கு வந்தன. 2002இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட டேனியல் கானமனோ, மனிதர்கள் கணக்கிலிருந்து எவ்வாறு விலகுகிறார்கள் என்று காட்டிய உளவியலாளர். குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தால் வேலைவாய்ப்பு குறையும் என்று எளிய படம் சொல்லும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1992இல் ஊதியம் உயர்ந்தபோது துரித உணவகங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்டும் குரூகரும் அத்தகைய வீழ்ச்சியைக் காணவில்லை என்று 1994இல் எழுதினார்கள், விவாதம் பல்லாண்டு நீடித்தது. இவர்களுள் பொருளியலாளர்கள் எல்லோருமே எளிய படத்தை முழுமையாகக் கற்ற பிறகுதான் அது எங்கே பிசகுகிறது என்று கேட்டார்கள். ஸ்மித்தின் சோதனையை நீங்களும் செய்யலாம்: பத்துப் பன்னிரண்டு நண்பர்கள், பாதிப் பேருக்குத் தரத் தயாரான உச்ச விலை எழுதிய சீட்டு, மீதிப் பேருக்குச் செலவு எழுதிய சீட்டு, நான்கு சுற்றுகள். சீட்டுகளை அடுக்கினால் கிடைக்கும் படிக்கட்டுதான் தேவைக் கோடும் அளிப்புக் கோடும்.

இப்போது ஆறு வாரங்கள். பாடநூலை மூன்றாவது முறை படிக்காதீர்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னணியில் இருந்தார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வகுப்பில் விளங்குகிறது, தேர்வில் வரவில்லை என்று நீங்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான். முதல் இரண்டு வாரங்களில், மேலே உள்ள சந்தையை எடுத்து வரி, மானியம், விலை உச்சவரம்பு, விலைத் தாழ்வரம்பு ஆகிய நான்கையும் வெற்றுத் தாளில், நூலைப் பார்க்காமல், எண்ணோடும் படத்தோடும் செய்யுங்கள். விலை உச்சவரம்பை 25இல் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ள மறக்காதீர்கள். ஒன்றும் ஆகாது என்ற விடையைத் தயங்காமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம், நான்காம் வாரங்களைச் செலவுக்கும் நிறுவனத்துக்கும் கொடுங்கள். பின்தங்கிய மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்ட இடம் அது, முற்றுரிமை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஐந்தாம் வாரத்தில் நுகர்வோர் கோட்பாடும், புறவிளைவு (கொடுக்கல் வாங்கலில் இல்லாத மூன்றாமவர்மீது விழும் விளைவு) போன்ற சந்தைத் தோல்விகளும்.

ஆறாம் வாரத்தில் பழைய வினாத்தாள்களை எடுத்து, இயல் வாரியாக அன்றி எல்லாவற்றையும் கலந்து, நேரம் வைத்து எழுதுங்கள். இது எந்த இயலின் கேள்வி என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டிய நிலையை உண்டாக்குவதற்காகத்தான் இந்தக் கலப்பு. தேர்வில் திருப்பிக் கேட்கப்படும் கேள்வி சோதிப்பது அதைத்தான். விடை எழுதும்போது முதலில் அச்சுகளுக்குப் பெயரிடுங்கள், எந்தக் கோடு நகர்கிறது, எதனால் நகர்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள், அதன் பிறகே படத்தை வரையுங்கள். எழுதிய தாளை உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய், சரியா தவறா என்று கேட்காமல், எந்த வாக்கியத்தில் என் வாதம் வழுவுகிறது என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு வரும் மாணவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் உட்கார்ந்து விளக்க நான் அணியமாக இருக்கிறேன், பெரும்பாலான ஆசிரியர்களும் அப்படித்தான்.